ஏமாற்றிய கடிகாரம்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் மேகமில்லாத இரவு ஒன்று வாய்த்தால், சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடிக்குச் சென்று ஆகாயத்தைப் பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தென்படும். நடுவில் இருப்பது மட்டும் நல்ல பிரகாசமாக இருக்கும். அதுதான் திருவோணம். அதை உள்ளிட்ட நட்சத்திரக் கூட்டத்துக்கு மேனாட்டு வானசாஸ்திரிகள் கழுகு என்று பெயரிட்டிருக்கிறார்கள். கையை நீட்டி, விரல்களை விரித்து, திருவோணத்திலிருந்து தெற்கே ஒரு சாண் அளந்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடம் வரும். அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பற்றித்தான் இப்போது நேயர்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம். இதில் நமது சொந்த வெட்கக்கேடும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அது தன் இடத்தில் வரும்.

பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருப்பினால் அந்த இடத்தில் அழகான சுருள் ஒன்று தெரிகிறது. நமது ஆகாச கங்கையைப் போலவே கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த தனி அண்டம் அது. வானசாஸ்திரிகளின் ஜாபிதாவில் அதற்கு என்.ஜி.ஸி. 6814 என்று பெயர். பெயர் காவ்ய ரஸம் பொருந்தியதாக இல்லைதான், என்ன செய்வது? அதன் ஒளி நம்மிடம் வந்து சேர ஏறக்குறைய 7 கோடி வருஷம் ஆகிறது.

சாதாரண அண்டங்களில் நடுமையம் பிரகாசமாக இருப்பதற்குக் காரணம், அங்கே நட்சத்திரங்கள் நெருங்கி இருப்பதே. ஆனால் சில அண்டங்களில் நடுமையம் தனியாக ஜொலிக்கிறது. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அங்குள்ள வாயுக்கள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான மைல் வேகத்தில் சுழல்வது தெரிகிறது. கார்ல் ஸீபர்ட் என்ற அமெரிக்கர் 1943-ஆம் வருஷத்தில் இத்தகைய ஆறு அண்டங்களை விவரமாக ஆராய்ந்து எழுதினார். அது முதல் இவை ஸீபர்ட் அண்டங்கள் எனப்படுகின்றன. நாம் சாண் போட்டு அளந்த அண்டமும் இந்த ஜாதிதான். இவற்றின் நடுவே கருந்துளை ஒன்று வீற்றிருக்கிறது என்பதும், சுற்றியுள்ள வாயு தட்டைப்போல் சுழன்று அதில் விழும்போது சூடேறி ஒளி விடுகிறது என்பதும் பிற்பாடு தெரிய வந்தன. விழுவதற்கு முன் கடைசிக் கட்டத்தில் அந்த வாயுவின் அருகிலிருந்து வருவதுதான் எக்ஸ்-கிரணம். ஆகவே கருந்துளையின் வாசற்படியில் நடப்பதை அறிய வேண்டுமானால் எக்ஸ்-கிரணத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் தரையில் நின்றுகொண்டு அதைப் பார்க்க முடியாது. நமது வாயு மண்டலம் அதைத் தடுத்துவிடுகிறது. (தடுக்காவிட்டால் பார்ப்பதற்கு நாம் இருக்கமாட்டோம்.) 1962 ஜூன் 18-ஆம் தேதி ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலிருந்து ஒரு ராக்கெட்டை அனுப்பினார்கள். சந்திரனிடமிருந்து எக்ஸ்-கிரணம் வருகிறதா என்று பார்ப்பது உத்தேசம். கிடைத்ததோ, விருச்சிகத்தின் திசையிலிருந்து வந்த மிகப் பலமான கிரணம்! 1970 டிசம்பர் 12-ஆம் தேதி, எக்ஸ்-கிரணத்துக்கென்றே அமைந்த முதல் செயற்கைக் கோளை கென்யா நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் உள்ள மேடையிலிருந்து செலுத்தினார்கள். அன்று கென்யா சுதந்திரம் பெற்று ஏழு வருஷம் நிறைந்த நாள். ஆகவே அந்தக் கோளுக்கு "உஹுரு" என்று பெயர் வைத்தார்கள். ஸ்வாஹிலி பாஷையில் அதற்கு விடுதலை என்று அர்த்தம். ஆகாயத்தில் உள்ள பெயர்களில் நமக்கு மிகவும் பிடித்தமான பெயர் இது.

இந்தக் கோள்களும் பின்னால் வந்தவையும் ஓர் ஆச்சரியத்தைக் கண்டன. ஸீபர்ட் அண்டங்களின் எக்ஸ்-கிரணம் ஒரே நிதானமாக வருவதில்லை. காற்றில் வைத்த அகல் விளக்கைப்போல் படபடக்கிறது. சில மணி நேரத்தில் இரண்டு மடங்கு ஏறுகிறது, மறுபடியும் இறங்குகிறது. "விளக்கு ஆடினால் ஆடட்டும், அதனால் என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். அந்த ஆட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இதை விளக்க நாம் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வேடிக்கை செய்வதுண்டு. நூறு பையன்களை மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே வரிசையாக நிறுத்துவோம். கொடி தாழ்ந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரு முறை கைதட்ட வேண்டும். நாம் வரிசையின் ஒரு முனையில் நின்று கேட்போம். ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடி செல்கிறது. பக்கத்துப் பையன் தட்டியது உடனே கேட்கும். 330 அடிக்கு அப்பால் உள்ளவன் தட்டியது விநாடியில் முக்கால்வாசி போல் தாமதமாக வரும் என்று பையன்கள் ஊகிப்பார்கள். கணக்குப் பண்ணினால் பத்தில் மூன்று பங்குதான். எப்படியும், அனைவரும் ஒரே கணத்தில் தட்டினாலும் நம் காதுக்கு அது "பட்" என்று கேட்காது. "படபடபட" என்று இழுத்துக்கொண்டுதான் கேட்கும். அவர்களைக் கூப்பிட்டு ஒரே கும்பலாக நிறுத்தினால் "பட்" என்று கேட்கும். ஆகவே, கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாலும், ஓசை எவ்வளவு நேரம் இழுத்தது என்பதைக் கொண்டு கூட்டம் எவ்வளவு நீளத்துக்கு மேல் இருக்க முடியாது என்று சொல்லிவிடலாம். (பையன்களில் பாதிப் பேர் கொடி தாழும் முன்பே தட்டிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.)

ஒலிக்குப் பதில் ஒளியை வைத்துக்கொள்ளுங்கள். ஒளி விநாடிக்கு 1,86,000 மைல் செல்கிறது. ஒரு விளக்கு 200 விநாடியில் மொத்தமாக ஏறி இறங்குமானால், அதன் அகலம் ஒளி 200 விநாடியில் கடக்கும் தூரத்துக்கு, அதாவது சுமார் 3 கோடி 70 லட்சம் மைலுக்கு மேல் இருக்க இடமில்லை. அது சூரியனுக்கும் புதன் கிரகத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் போன்றது. ஒரு கோடிச் சூரியன்களின் எடையுள்ள கருந்துளையின் குறுக்களவும் ஏறக்குறைய அதுவே! எந்தத் தூரதிருஷ்டிக் கண்ணாடியாலும் பிரித்துப் பார்க்க முடியாத அந்தச் சிறு புள்ளியின் அளவை, வெறும் படபடப்பிலிருந்து மனிதன் கணக்கிட்டுவிட்டான். நாம் படித்த பௌதிகத்தில் இதைவிட எளிய கணக்கும் குறைவு. இதைவிடப் பெரிய பலன் தந்த கணக்கும் குறைவு.

இனி நமது கதாநாயகனுக்கு வருவோம்.

1977-ல் சென்ற ஓர் அமெரிக்கக் கோளின் அளவுகளைப் பரிசீலித்தவர்கள், என்.ஜி.ஸி. 6814-ன் எக்ஸ்-கிரணம் 100 விநாடிக்குள்ளேயே மாறுகிறது என்று 1981-ல் எழுதினார்கள். அது வரையில் எந்த ஸீபர்ட் அண்டமும் இவ்வளவு அவசரம் காட்டியதில்லை. அடுத்தபடியாக ஐரோப்பியர்களின் "எக்ஸோஸாட்" என்ற கோள் 1983-ல் புறப்பட்டது. மற்றக் கோள்கள் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பூமிக்குப் பின்னால் மறைந்து, பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிடும். இதுவோ நீண்ட பாதையில் 90 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றியது. ஆகையால் ஒரே இடத்தை நாட்கணக்கில் கண் கொட்டாமல் பார்த்தது. அந்த அளவுகளை இங்கிலாந்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, 1989-ல் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். என்.ஜி.ஸி. 6814-ன் படபடப்பு தாறுமாறானதல்ல; சுமார் 12,000 விநாடிக்கு, அதாவது 3 மணி 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, அது அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது!

விஞ்ஞான உலகம் துள்ளிக் குதித்தது. கருந்துளையின் வாசலில் ஒரு கடிகாரம் ஓடுகிறதென்றால் அதை வைத்து எதைத்தான் அளக்க முடியாது? கருந்துளையின் எடையை அளக்கலாம். அருகில் ஆகர்ஷண சக்தி எப்படி வளைகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னதைப் பரீட்சை செய்யலாம். ஜப்பானியரின் "கிங்கா" என்ற கோளும் 1987 முதல் சுற்றி வந்தது. அதன் அளவுகளிலும் அதே கடிகாரம் அதே கணக்காக ஓடியது. அமெரிக்கரும் ஜப்பானியரும் சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை ஒன்று 1992-ல் வெளிவந்தது. கிறிஸ் டன் என்ற பெண்மணியும் கிரெக் மடேஜ்ஸ்கி என்பவரும் அதன் ஆசிரியர்களில் இருவர். காரணம் கற்பிக்கவும் பண்டிதர்கள் முன்வந்தார்கள். நட்சத்திரம் ஒன்று கருந்துளையைச் சுற்றி வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் வாயுத் தட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது என்பது அவற்றுள் ஒரு சித்தாந்தம்.

நமது வெட்கக்கேட்டின் இடம் இதுதான்.

நாம் கல்லூரியில் படித்தபோது நூல் நிலையத்தின் பின்கட்டில் பழைய விஞ்ஞானப் பத்திரிகைகளைப் பைண்டு செய்து அடுக்கியிருந்தார்கள். கரப்பான் பூச்சிகளையும் எம்மையும் தவிர அங்கே வேறு யாரும் வருவதில்லை. அந்தக் கட்டுகளில்தான் இந்தக் கடிகாரத்தின் கதையைப் படித்தோம். படித்து மெய் மறந்தோம். ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் பத்தாம் வகுப்புக்கு அந்தக் கதையை ஒரு முழு மணி நேரம் சொன்னோம். கரும்பலகையில் கருந்துளையை வட்டமாகப் போட்டு, வாயுத் தட்டைப் போட்டு, நட்சத்திரம் அதைத் துளைத்துச் செல்லும் பாதையைச் சிவப்புச் சாக்குக் கட்டியால் வரைந்தோம். பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கடைசிப் பெஞ்சில் ஒருவன் மட்டும் எழுந்து, "ஸார், அவ்வளவு கிட்டே போனால் அந்த நட்சத்திரம் பிய்ந்து போகாதா?" என்று கேட்டான். மணி அடிக்க ஐந்து நிமிஷந்தான் இருந்தது. "உட்கார்" என்றோம்.

நூல் நிலையத்தில் சந்தா நின்றுபோனதால் அந்தப் பத்திரிகைக் கட்டுகள் 1992-ஆம் வருஷத்தோடு முடிந்துவிட்டன. 1993-ஆம் வருஷத்துக் கட்டு அந்த அலமாரியில் இல்லை. என்ன நடந்ததென்பது நமக்குப் பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எக்ஸோஸாட், கிங்கா ஆகியவற்றில் இந்த வேலைக்கு உபயோகித்தவை எண்ணும் கருவிகள். படம் பிடிக்கும் கருவிகள் அல்ல. ஒரு திசையில் திருப்பினால், அந்தத் திசையில் ஓரளவு அகலத்துக்குள் இருந்து வரும் எக்ஸ்-கிரணம் முழுவதையும் சேர்த்து எண்ணும். எது எங்கிருந்து வந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தெருவிலிருந்து வரும் நாகஸ்வரத்தைக் கேட்பது போன்றது அது. வாசிப்பு எதிர் வீட்டிலா, அதற்கடுத்த வீட்டிலா என்று எப்படித் தெரியும்? எதிர் வீட்டில் கல்யாணம் என்று முன்னமே தெரிந்திருந்தால், அங்கேதான் என்று முடிவு கட்டிவிடுவோம்.

எக்ஸ்-கிரணத்தைப் படம் பிடிப்பது சுலபமுமல்ல. சாதாரணக் கண்ணாடியில் நேராகப் பட்டால் அது உள்ளே புகுந்து மறைந்துவிடும். ஆனால் தட்டையான கல்லைக் குளத்தில் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திச் செல்கிறதல்லவா? அதுபோல் மிகச் சாய்வாகப் பட்டால் எக்ஸ்-கிரணமும் வழுக்கித் திரும்பும். இந்தத் தந்திரத்தை வைத்து, குழாய்க்குள் குழாய் நுழைத்தாற்போல் கண்ணாடிகளை அமைத்து, ஜெர்மானியர்கள் முக்கியமாக நின்று செய்த கோள் "ரோஸாட்". எக்ஸ்-கிரணத்தைக் கண்டுபிடித்த ராண்ட்ஜனின் பெயரை வைத்தது. 1990 ஜூன் 1-ஆம் தேதி அது மேலே சென்றது.

மடேஜ்ஸ்கியும் டன் அம்மையாரும் மற்றவர்களும் ரோஸாட்டை என்.ஜி.ஸி. 6814-ன் பக்கம் திருப்பச் செய்தார்கள். படத்தில் அண்டம் அதற்குரிய இடத்தில் இருந்தது. அதன் எக்ஸ்-கிரணத்தை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்தார்கள். கடிகாரத்தைக் காணோம்! ஆனால் அதே படத்தில், அண்டத்திலிருந்து பூர்ணசந்திரனின் அகலத்தைவிடச் சற்று அதிக தூரத்தில், வேறொரு புள்ளி பிரகாசித்துக்கொண்டிருந்தது. அதை எண்ணிப் பார்த்தார்கள். 12,000 விநாடி அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

அது கருந்துளை அல்ல. தூர தேசத்து அண்டமும் அல்ல. நம்முடைய ஆகாச கங்கையிலேயே, அண்டை வீட்டில் என்று சொல்லத்தக்க தூரத்தில் இருக்கும் ஒரு ஜோடி நட்சத்திரம். ஒன்று வெண்குள்ளன், அதாவது சூரியனைப் போன்ற எடையைப் பூமியின் அளவுக்குள் அடைத்து வைத்திருக்கும், எரிந்து முடிந்த நட்சத்திரம். மற்றொன்று சாதாரணச் சிறு நட்சத்திரம். இரண்டும் 3 மணி 22 நிமிஷத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சிறியதன் வாயு வெண்குள்ளனின் மேல் கொட்டும்போது எக்ஸ்-கிரணம் பிறக்கிறது. சுற்றும்போது ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. இவ்வளவுதான் கடிகாரத்தின் யந்திரம். இப்போது அதற்கு வி1432 அக்விலே என்று பெயர்.

இந்த முடிவு 1993-ல் "நேச்சர்" பத்திரிகையில் வெளியாயிற்று. நமக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கடிகாரத்தை உடைத்தவர்கள் எதிர்க் கட்சிக்காரர்கள் அல்ல. முந்தைய வருஷம் அந்தக் கடிகாரம் தவறாமல் ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்களே, அது நாங்கள் நினைத்த வீட்டில் இல்லை என்று கையெழுத்திட்டுச் சொன்னார்கள். அதை நம்பி எழுந்த சித்தாந்தங்கள் அத்தனையும் ஒரே நாளில் ஆதாரமற்றுப் போயின. பௌதிகப் பரீட்சையில் ஊசலியை ஆட்டிக் காலம் எடுக்கச் சொன்னால், புஸ்தகத்தில் உள்ள விடை வரும்படி அளவைத் திருத்தி எழுதுகிற பையன்களை நாம் வருஷந்தோறும் பார்க்கிறோம். வராத விடையை வரவில்லை என்று எழுதியவனுக்கு மதிப்பெண் குறைத்த ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட சூழலிலிருந்து பார்க்கும்போது, அந்த 1993-ஆம் வருஷத்துக் கட்டுரையின் அருமை நமக்கு நன்றாகவே தெரிகிறது.

வெண்குள்ளன் என்றதும் நமது ஊர்க்காரர் ஒருவரின் ஞாபகம் வராமல் போகாது. 1930-ல் சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்து முடித்து, 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குள்ளனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கப்பலிலேயே கணக்கிட்டார். அந்த வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டிய நட்சத்திரம் வெண்குள்ளனாக ஓய்வெடுக்க முடியாது என்ற முடிவிலிருந்துதான் கருந்துளைக்குப் பாதை பிறந்தது. அவருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1999 ஜூலை 23-ஆம் தேதி அமெரிக்கர்கள் செலுத்திய மாபெரும் எக்ஸ்-கிரண தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு "சந்திரா" என்று அவருடைய பெயரையே சூட்டினார்கள். 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நமது "ஆஸ்ட்ரோஸாட்" கோளில், எண்ணும் கருவியையும் படம் பிடிக்கும் கருவியையும் ஒரே திசையைப் பார்க்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டையும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் முன்னின்று அமைத்தார்கள்.

அப்படியானால் ஸீபர்ட் அண்டங்களின் உண்மையான படபடப்பு எப்படிப்பட்டது? கடிகாரத்தைப் போன்றதல்ல, கடலலையைப் போன்றது. சிறு அலை மேல் பெரிய அலை, அதன் மேல் இன்னும் பெரிய அலை. ஒழுங்கில்லை, ஆனால் ஒழுங்கின்மையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கருந்துளை எவ்வளவு கனமோ அவ்வளவு நிதானமாக அலை எழுகிறது. வாயு எவ்வளவு அதிகமாக விழுகிறதோ அவ்வளவு துரிதப்படுகிறது. ஆகாச கங்கையில் உள்ள சிறு கருந்துளைகளும், அண்டங்களின் நடுவே உள்ள கோடிக்கணக்கான சூரியன் எடையுள்ளவையும் இந்த ஒரே விதிக்கு அடங்குகின்றன என்று மக்ஹார்டி முதலியோர் 2006-ல் காட்டினார்கள். 2009-ல் ஃபேபியன் முதலியோர் எதிரொலியையும் கண்டார்கள். ஓர் அண்டத்தில் கருந்துளையின் அருகே எழும் எக்ஸ்-கிரணம் நேராக நம்மிடம் வருகிறது. தட்டில் பட்டுத் திரும்பிய கிரணம் சுமார் 30 விநாடி பின்தங்கி வருகிறது. மலையில் மோதித் திரும்பும் குரலைக் கொண்டு மலையின் தூரத்தை அளப்பதுபோல், அதைக் கொண்டு கருந்துளையின் முற்றத்தை அளக்கிறார்கள்.

கடிகாரம் ஒன்றுமே இல்லையா என்றால், முழுக்க அப்படியும் சொல்வதற்கில்லை. சுமார் 60 கோடி ஒளி வருஷ தூரத்தில் உள்ள வேறோர் அண்டத்தில், ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒரு முறை எக்ஸ்-கிரணம் ஏறி இறங்குவதாக 2008-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. இம்முறை அளந்த கருவி படம் பிடிக்கும் கருவி. துல்லியமான கடிகாரம் அல்ல; கொஞ்சம் முந்தியும் பிந்தியும் ஓடுவது. 2018-ல் மறுபடியும் பார்த்தபோதும் அது இருந்தது. அந்த இரண்டு கட்டுரைகளிலும் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் கிறிஸ் டன்! ஒரு முறை சூடு கண்டவர், எவ்வளவு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு அதை எழுதியிருப்பார் என்று நாம் யோசித்துப் பார்த்ததுண்டு.

நாம் சிவப்புச் சாக்குக் கட்டியால் பாதை வரைந்து காட்டிய அந்த வகுப்புப் பையன்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். கண்ட இடத்தில் கண்டவர்களிடம் விஷயத்தைச் சொல்லி வருகிறோம். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறார்கள். சென்ற ஜூன் மாதம் அந்தக் கடைசிப் பெஞ்சுக்காரன் தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்திருந்தார். மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வராந்தாவில் நிறுத்தி வைத்து, கடிகாரம் பொய்யாய்ப் போன கதையைச் சொன்னோம்.

"கடிகாரமெல்லாம் ஞாபகமில்லை, ஸார். நீங்கள் உட்காரச் சொன்னதுதான் ஞாபகமிருக்கிறது" என்றார்.

அவருடைய பெண், "அப்பா என்ன கேட்டார், ஸார்?" என்றாள். கேள்வியைச் சொன்னோம், அன்று சொல்லாத பதிலையும் சொன்னோம். மூன்று மணி இருபது நிமிஷத்தில் கருந்துளையைச் சுற்றும்படி அவ்வளவு நெருங்கிப் போனால், நமது சூரியனைப் போன்ற நட்சத்திரம் பிய்ந்துதான் போகும்.